மூத்தாளுக்குக் கஞ்சி

ஜனவரி 29, செவ்வாய்

பூஜ்யத்துக்குக் கீழே இருபத்தாறு. காற்று வேறு. இடது காதில் மூன்று தையல்.

இருபத்தாறு வருடம் தபால் பையைத் தூக்கிக்கொண்டு டலூத் நகரத்தின் மேட்டுத் தெருக்களில் ஏறி இறங்கியவள் நான். நான்கு நாய்கள் கடித்திருக்கின்றன. நான்கும் கடிப்பதற்கு முன்னால் உறுமின, நாய்க்கு அந்த மரியாதையாவது உண்டு. இந்தக் கிளி உறுமவில்லை. என் புருஷன் ஒஸ்மோவுக்குக் காபி ஊற்றக் குனிந்தேன், அவ்வளவுதான். அவன் தோளிலிருந்து பாய்ந்து என் காதைப் பிடித்துக்கொண்டாள்.

ரத்தம் உறையாமலிருக்க இதயத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறவள் நான். ஒரு கீறல் விழுந்தால் ஒரு துண்டு நனையும். இன்று மூன்று துண்டு. தையல் போட்ட டாக்டர், "அடுத்த தடவை கண்ணா இருந்தா என்ன பண்ணுவீங்க?" என்றார்.

ஒஸ்மோ துண்டை அழுத்திக்கொண்டே, "அவ வேணும்னு பண்ணல, மார்லிஸ்" என்றான். வேணும்னுதான் பண்ணினாள். எனக்குத் தெரியாதா?

பிப்ரவரி 2, சனி

போன அக்டோபரில் கல்யாணம். எனக்கு அறுபத்தாறு, அவனுக்கு எழுபது. காகிதத்தின்படி இருவருக்கும் இதுதான் முதல். உண்மையில் நான் இளையாள். மூத்தாள் முப்பத்தொரு வருடமாக அவனோடு இருக்கிறாள். பச்சை உடம்பு, பிடரியில் மஞ்சள், பெயர் ரோவா. அவனுடைய பின்லாந்து முன்னோர் மொழியில் 'அம்மணி' என்று அர்த்தமாம். இரும்புத்தாது ஏற்றும் கப்பலில் ஒஸ்மோ சமையல்காரன், முப்பத்தெட்டு வருடம். இவளும் கப்பல் அடுக்களையிலேயே வளர்ந்தாள். ஒஸ்மோவின் பான்கேக்குக்காகக் கேப்டன் அவளைக் கண்டும் காணாமல் விட்டார்.

தினமும் விடிந்ததும் அடுப்பு பற்றும். ஓட்ஸ் கஞ்சி, வெண்ணெய், பழுப்புச் சர்க்கரை, ஒரு சிட்டிகை உப்பு, ஏலக்காய். கரண்டியைத் தன் மேலுதட்டில் வைத்துச் சூடு பார்ப்பான், பிறகு அவளுக்கு ஊட்டுவான். முதல் பந்தி எப்போதும் அவளுக்கு. அதற்கப்புறம் நாள் முழுக்கச் சூரியகாந்தி விதை. உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பார்கள். இவள் நினைக்கிறாள், அளவுக்கு மேல்.

கல்யாணமான மறுநாள் எனக்கும் ஒரு கிண்ணம் வைத்தான். வேண்டாம் என்று தள்ளிவிட்டேன். ஒன்பது பிள்ளைகள் இருந்த பண்ணை வீட்டில் பதினேழு வருடம் அதே கஞ்சி, இனிமேல் செத்தாலும் தொடுவதில்லை என்று சபதம். கார்ன்ஃப்ளேக்ஸ் போதும் எனக்கு. கிண்ணத்தை எடுத்துக்கொண்டு போனான். ஒஸ்மோ எதற்குத்தான் வாய் திறந்திருக்கிறான்?

இன்று நான் சொல்லிவிட்டேன். "மே ஒண்ணாம் தேதி வரைக்கும் பாக்கலாம். அதுக்குள்ள மாறலேன்னா அவ விஸ்கான்சின் கிளிக் காப்பகத்துக்குப் போகட்டும்."

"அவளுக்கு முப்பத்தொரு வயசு, மார்லிஸ்."

"எனக்குக் காது ரெண்டுதான், ஒஸ்மோ."

எழுந்துபோய் வாசலில் பனி அள்ளினான். நேற்றும் இன்றும் பனியே விழவில்லை.

பிப்ரவரி 11, திங்கள்

பறவை டாக்டர் தெற்கே இரண்டரை மணி நேரம். கூண்டைச் சுற்றிப் போர்வை, போர்வைக்குள் வெந்நீர்ப் பை. எனக்குக் கையுறை மட்டும்.

டாக்டர் யோஸ்ட் சின்னப் பெண்தான், நாற்பது இருக்கும். கடியைப் பற்றிக் கேட்கவே இல்லை. "காலைல என்ன சாப்பிடறா?" என்றார். ஒஸ்மோ உற்சாகமாகிவிட்டான். வெண்ணெய் எவ்வளவு, ஏலக்காய் எவ்வளவு, எல்லாம் சொன்னான். இவ்வளவு நீளமாக அவன் பேசி நான் கேட்டதில்லை.

"சூடா, குழைவா, உங்க வாய்க்குப் பக்கத்துலேர்ந்து. சரிதானே?"

"ஆமா. அப்பத்தான் சாப்பிடுவா."

"காட்டுல ஒரு பெண் கிளிக்கு அப்படி ஊட்டறது யாரு தெரியுமா? அதோட ஜோடி. தன் வயித்துலேர்ந்து கக்கி, சூடா ஊட்டும். அதுவும் முட்டையிடற காலத்துல மட்டும். தீனி கொட்டிக் கெடக்கு, ஊட்ட ஆள் இருக்கு. அப்படின்னா மழை வந்தாச்சு, கூடு பாக்கணும், பக்கத்துல வர்ற இன்னொருத்தியை விரட்டணும். அவ உடம்பு அப்படித்தான் புரிஞ்சுக்கும். மத்தக் கிளிக்கெல்லாம் அந்தக் காலம் வரும், போகும். இவளுக்குப் போகவே இல்ல."

எழுபது வயதில், ஒரு டாக்டரம்மா முன்னால், கிளிக்குப் புருஷனாகிவிட்டான் ஒஸ்மோ. கழுத்து வரைக்கும் சிவந்துபோனான். நான் சிரித்திருக்க வேண்டும். சிரிப்பு வரவில்லை.

கஞ்சி கூடாது. சூரியகாந்தி கூடாது. சூடாக எதுவும் கூடாது. கிளிக்கென்றே செய்த உலர்ந்த தீனி, பச்சைக் காய், கீரை. அதையும் தட்டில் கொட்டாமல், அவளே தேடி எடுக்கும்படி ஒளித்துவைக்க வேண்டும். ஒரு எச்சரிக்கை: தினம் எடை பார்க்க வேண்டும், ஐந்நூறு கிராமுக்குக் கீழே போனால் உடனே போன். "சில கிளிங்க பிடிவாதத்துல பட்டினி கெடந்து செத்துடும்."

திரும்பும் வழியெல்லாம் அதையே நினைத்தேன். சாலையின் இரண்டு பக்கமும் ஏரிகள் கல்லாகக் கிடக்கின்றன, அதன் மேல் கொட்டகை போட்டு மீன் பிடிக்கிறார்கள். பின் இருக்கையில், அந்த அரைக் கிலோ உடம்புக்குள், மழைக்காலம். ஒரு கிண்ணம் கஞ்சி அந்த மழையைக் கொண்டுவந்து வைத்திருக்கிறது. வெளியே இருக்கிற உலகம் முழுவதும் வேறு சொன்னாலும் அவள் உடம்பு கஞ்சி சொல்வதைத்தான் நம்புகிறது. அப்படியானால் நான் வெறுத்தது யாரை? அவள் என்மேல் கோபப்படவே இல்லையோ. தன் குஞ்சுகளைக் காத்தாள், இல்லாத குஞ்சுகளை.

ஊர் விளக்குகள் தெரிந்ததும் ஒஸ்மோ, "நான் பிரியமாத்தான் குடுத்தேன்" என்றான்.

"தெரியும்" என்றேன்.

பிப்ரவரி 12, செவ்வாய்

588 கிராம். ஐந்தரையிலிருந்து ஏழு வரை அலறல். கப்பலில் அவள் கேட்டுப் பழகிய தீ அபாயச் சங்கு, அப்படியே. தீனியை ஒவ்வொன்றாக எடுத்து என்மேல் எறிந்தாள். குறி தப்பவில்லை.

பிப்ரவரி 15, வெள்ளி

558. எதையும் தின்னவில்லை என்றுதான் தோன்றுகிறது. ஒஸ்மோ துடைத்த அடுப்பையே துடைக்கிறான்.

பிப்ரவரி 18, திங்கள்

531. பயமாக இருக்கிறது. இவள் போக வேண்டும் என்று சொன்னவள் நான்தான். சாக வேண்டும் என்று சொல்லவில்லையே. செத்தால் ஒஸ்மோ என்னை ஒரு வார்த்தை கேட்க மாட்டான், அதைத்தான் என்னால் தாங்க முடியாது.

பிப்ரவரி 19, செவ்வாய்

தின்றாள்!

டாக்டரின் பட்டியலில் காய்ந்த சிவப்பு மிளகாய் என்று இருந்தது. எழுத்துப் பிழை என்று நினைத்திருந்தேன். எங்கள் சர்ச் சபைச் சாப்பாட்டில் மிளகுத்தூளே காரம். ஒன்றை நீட்டினேன், நீண்ட இடுக்கியால்தான். ஒரு காலில் வாங்கினாள், திருப்பிப் பார்த்தாள், பிளந்தாள், விதை ஒவ்வொன்றாக நாக்கால் எடுத்துத் தின்றாள். கண்ணில் ஒரு துளி நீர் இல்லை. பறவைகளுக்கு அந்தக் காரம் தெரியவே தெரியாதாம். தொட்ட விரலால் கண்ணைத் தேய்த்துவிட்டு நான்தான் அரை மணி நேரம் அழுதேன். பிறகு கேரட், அதன் பிறகு தீனி ஏழு. எண்ணினேன்.

மார்ச் 2, சனி

இன்றைய நாளை விடக்கூடாது.

தீனியை ஒளித்துவைக்கச் சொன்னார்களே, எனக்கு வேறென்ன தெரியும்? பழைய தபால் உறைகளை எடுத்தேன். ஒன்றில் பட்டாணி, ஒன்றில் குடமிளகாய்த் துண்டு, ஒட்டி மூடி, வீடு முழுக்கப் பட்டுவாடா. ஜன்னலில் ஒன்று, நாற்காலிக் கம்பியில் ஒன்று. ஓய்வுபெற்ற எனக்கு மறுபடியும் ஒரு வேலை. ரோவா இப்போது காலையில் அலறுவதில்லை. தபாலுக்குக் காத்திருக்கிறாள். உறையைக் காலில் பிடித்து, ஓரத்தை அலகால் சீராகக் கிழிக்கிறாள். என் வாடிக்கையாளர்களில் பாதிப் பேர் இவ்வளவு ஒழுங்காகப் பிரித்ததில்லை.

இன்று கீரைக் கட்டைக் கழுவி, ஈரத்தோடு கூண்டின் மேல் வைத்தேன். தின்பாள் என்று பார்த்தால், அதன் மேல் ஏறிப் படுத்தாள். இலைகளில் கன்னத்தைத் தேய்த்தாள். இறக்கையை விரித்து ஈரத்தில் புரண்டாள், இந்தப் பக்கம், அந்தப் பக்கம், முதுகு நனையும் வரை. காட்டில் மழை நின்றதும் கிளிகள் இலையில் இப்படித்தான் குளிக்குமாம், பிறகு படித்தேன். இவள் காட்டைப் பார்த்ததில்லை. கூண்டில் பொரித்த குஞ்சு, இரும்புக் கப்பலில் வளர்ந்தவள். யார் சொல்லிக்கொடுத்தது? முப்பத்தொரு வருடம் அது உள்ளே எங்கே இருந்தது? ஒரு கட்டுக் கீரை கேட்கும் வரைக்கும் பதில் சொல்லாமல்?

ஒஸ்மோவைக் கூப்பிட்டேன். வாசற்படியில் நின்று பார்த்தான். "எனக்குத் தெரியாமப் போச்சே" என்றான், மெதுவாக.

இரண்டு வாரமாகக் கடி இல்லை. 524.

மார்ச் 7, வியாழன்

கடித்துவிட்டாள். கட்டைவிரல். கண்மணி சுருங்கி விரிந்து, வால் விசிறியாக, பழைய ரோவா. ஏன்? நேற்று நான் வீட்டிலேயே இல்லை. தவக்காலம் தொடங்கிவிட்டது, இனி ஈஸ்டர் வரை புதன்தோறும் மத்தியானத்திலிருந்து சபையின் கீழ்த்தளத்தில் சூப் ஊற்ற வேண்டும். நான் இல்லாத கோபமா? அவளுக்கா?

மார்ச் 21, வியாழன்

மணிக்கட்டு. இரண்டு துண்டு நனைந்தது. திங்கள், செவ்வாய் என் கையிலிருந்து பட்டாணி வாங்கியவள். இன்று பாத்திரம் கழுவும் தொட்டிக்கு அடியில் கூடு தேடிப் புகுந்துகொண்டு, கிட்டே போனால் பாய்கிறாள். கீரையை மாற்றிப் பார்த்தேன், உறையின் பசையைச் சந்தேகித்தேன். டாக்டர் போனில், "வேற ஏதாவது தின்றாளா?" என்றார். இல்லை என்றேன்.

மார்ச் 25, திங்கள்

குளிர்காலம் முழுக்கத் துறைமுகத்தில் நின்ற கப்பல்களில் முதலாவது இன்று புறப்பட்டது. அதன் சங்கொலி எங்கள் மேடு வரை கேட்டது. ரோவா தலையைத் தூக்கி, "காபி ஆறுது, வாங்கடா!" என்றாள், ஒஸ்மோவின் இளவயதுக் குரலில். ஒஸ்மோ சிரித்தான். எனக்கும் அவளைப் பிடித்துத்தான் இருந்தது, இன்று.

மார்ச் 28, வியாழன்

கடி. எழுதக் கை வலிக்கிறது.

ஏப்ரல் 5, வெள்ளி

நேற்று புருவத்துக்கு மேலே. டாக்டர் சொன்ன கண் இதுதான் போலிருக்கிறது, ஒரு விரற்கடை தள்ளி.

காப்பகத்துக்குப் போன் செய்துவிட்டேன். ரோடா என்கிற பெண் எடுத்தாள். மே ஒன்றாம் தேதி காலை பத்து மணிக்கு வண்டியோடு வருகிறாள். ஒஸ்மோ நாட்காட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றான். "அவளுக்கு ஏலக்காய் வாசனை புடிக்கும்னு அங்க சொல்லிடு" என்றான்.

ஏப்ரல் 10, புதன்

பனிப்புயல். ஏப்ரலில்! சபையில் சூப் ரத்து. நாள் முழுக்க மூவரும் வீட்டில். ஒஸ்மோ ஏனோ நிலைகொள்ளாமல் அலைகிறான். அடுப்பு வரை போகிறான், திரும்புகிறான். மூன்று முறை என்னிடம், "நீ போகவே இல்லையா?" என்று கேட்டான்.

ஏப்ரல் 11, வியாழன்

கடிக்கவில்லை. கையிலிருந்து மிளகாய் வாங்கினாள், தலையைக் குனிந்து சொறியக் கொடுத்தாள்.

சந்தோஷத்தில் பழைய பக்கங்களைப் புரட்டினேன். மார்ச் 7, வியாழன். 21, வியாழன். 28, வியாழன். போன வாரமும் அதே. இடையில் எழுதாமல் விட்ட 14கூட வியாழன்தான், பிளாஸ்திரி போட்டது நினைவிருக்கிறது. இந்த ஒரு புதன் மட்டும் நான் வீட்டில் இருந்தேன்.

இருபத்தாறு வருடம் முகவரி பிரித்தவள். ஒரு மாதமாகக் கண்ணெதிரே கிடந்ததைப் பிரிக்கத் தெரியவில்லை.

அலமாரியைத் திறந்தேன். ஓட்ஸ் டப்பா, முக்கால் காலி. அவன் முன்னால் வைத்தேன்.

"எத்தனை புதன், ஒஸ்மோ?"

டப்பாவைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான். "எல்லாம்."

"என் கண்ணு போயிருக்கும். தெரியுமா உனக்கு? தெரிஞ்சேதான் பண்ணியா?"

"வாரத்துல ஒரு கரண்டிதானேன்னு நெனச்சேன். நீ போனதும் அவ என் மூஞ்சியைப் பாப்பா, மார்லிஸ். கப்பல்ல பசின்னு வந்த ஒருத்தனையும் நான் வெறும் வயித்தோட அனுப்பினதில்ல."

"அது பசி இல்ல! நூறு தடவை சொல்லியாச்சு!"

"எனக்கு வேற தெரியாது. ஒருத்தர்மேல பிரியம்னா சமைச்சுப் போடுவேன். அவ்வளவுதான் எனக்குத் தெரியும்."

"எனக்கு என்னைக்குப் போட்ட நீ?" கத்திவிட்டேன். கிளியே வாயை மூடிக்கொண்டது.

"நீ வேண்டாம்னியே" என்றான்.

ஏப்ரல் 12, வெள்ளி

அந்தக் கிண்ணத்தையே நினைத்துக்கொண்டிருக்கிறேன். நீல விளிம்பு. நடுவில் வெண்ணெய் உருகிக்கொண்டிருந்தது. நான் மேசையின் மறுபக்கம் தள்ளினேன், விளம்பரத் தபாலைத் தள்ளுகிற மாதிரி. அவன் எடுத்துக்கொண்டு போய் ரோவாவுக்கு ஊட்டினான். போட்டதைச் சாப்பிட்டது அவள். அப்புறம் அவள் என்னைச் சக்களத்தியாகப் பார்த்தாள் என்று எனக்குக் கோபம்.

ஏப்ரல் 17, புதன்

புயலில் நின்றுபோன கடைசி சூப் இன்று. புறப்படும்போது ஓட்ஸ் டப்பாவைப் பையில் எடுத்துக்கொண்டு போய்விடலாமா என்று யோசித்தேன். கையில்கூட எடுத்துவிட்டேன். தபால் கொடுக்கும்போது சில வீடுகளில் நாயை நம்பி முதுகைக் காட்டித்தான் நடக்க வேண்டும், வேறு வழி கிடையாது. அலமாரியிலேயே வைத்தேன்.

"ஆறு மணிக்கு வந்துடுவேன்" என்றேன். "அங்க சாப்பிடாம வரேன். பசியோட வருவேன்."

"ம்" என்றான்.

திரும்பிவந்து கதவைத் திறந்ததும் ஏலக்காய் வாசனை. கால் வாசலிலேயே நின்றுவிட்டது. போச்சு, மறுபடியும் ஆரம்பிச்சுட்டான், எல்லாம் போச்சு என்றுதான் நினைத்தேன். கோட்டைக் கழற்றாமல் உள்ளே போனேன்.

அடுப்பில் சின்னப் பாத்திரம். மேசையில் நீல விளிம்புக் கிண்ணம், ஒன்றே ஒன்று. அடுக்களையின் அந்தக் கோடியில், விட்டத்திலிருந்து ஒரு கயிறு தொங்குகிறது. முழம் முழமாகக் கப்பல் முடிச்சு, முடிச்சுக்கு முடிச்சு பீன்ஸும் கேரட்டும் செருகியிருக்கிறது. மத்தியானம் முழுக்க உட்கார்ந்து முடிந்திருக்கிறான். ரோவா அதில் தலைகீழாகத் தொங்கிக்கொண்டு ஒரு முடிச்சோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். எங்கள் பக்கம் திரும்பவே இல்லை. அவள் பசிக்கு அவளே வழி பார்த்துக்கொள்கிறாள்.

ஒஸ்மோ கரண்டியில் எடுத்தான். மேலுதட்டில் வைத்துச் சூடு பார்த்தான். என்னிடம் நீட்டினான்.

கஞ்சி எனக்கு இன்னும் பிடிக்கவில்லை. இரண்டு கிண்ணம் சாப்பிட்டேன். அறுபத்தாறு வயதில், காதில் தையல் தழும்போடு, கோட்டைக் கூடக் கழற்றாமல். சூடு தொண்டையில் இறங்கி, அதற்கும் கீழே இறங்கி, எங்கெங்கோ போனது. ஒரு கிண்ணம் ஓட்ஸ் ஒரு உடம்புக்கு என்னவெல்லாம் சொல்லும் என்று டாக்டர் யோஸ்ட் சொன்னபோது நான் கிளியை மட்டும்தான் நினைத்தேன்.

ஏப்ரல் 18, வியாழன்

கடி இல்லை. 519.

ஏப்ரல் 25, வியாழன்

இல்லை. காலைக் கஞ்சி எனக்கு, கயிறும் கடிதங்களும் அவளுக்கு. ஏரியில் பனி உடைந்துகொண்டிருக்கிறது.

ஏப்ரல் 30, செவ்வாய்

ரோடாவுக்குப் போன் செய்து, வர வேண்டாம் என்றேன். "கடிக்கறதை நிறுத்திட்டாளா?" என்றாள். எங்கள் வீட்டில் சமையல் மாறிவிட்டது என்றேன். அவளுக்குப் புரிந்திருக்காது.

மே 2, வியாழன்

மெதுவாகத்தான் எழுத முடிகிறது. இடது தோளை அசைக்கக்கூடாது. கால் மணி நேரத்துக்கு முன்னால் கயிற்றிலிருந்து பறந்து, ஒஸ்மோவின் தோளைத் தாண்டி, என் தோளில் வந்து உட்கார்ந்தாள். தானாக. அவள் மூச்சு அந்தக் காதில் படுகிறது. தழும்பை அலகால் ஒருமுறை தொட்டாள். நான் கண்ணை மூடிக்கொண்டேன். விட்டுவிட்டாள்.

ஒஸ்மோ கரண்டியைக் கையில் பிடித்தபடி அடுப்பருகே அசையாமல் நிற்கிறான். கஞ்சி அடிப்பிடிக்கிற வாசனை வருகிறது.

இப்போது கையில் இறங்கி வருகிறாள். இந்தப் பக்கத்தைப் பார்க்கிறாள். கடித்தாள், காகிதத்தை. ஓரத்தைச் சீராகக் கிழிக்கிறாள், உள்ளே தனக்கு ஏதோ வந்திருக்கிறது என்று.